மடிக்கணினியில் நாள்தோறும் எழுதுவோர் சொல்லுங்கள்: கழுத்து வலி, தொட்டால் குறுகுறுப்பு, உதவி கேட்கும் முறை

பேரேடு (பள்ளத்தூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 68. கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். என் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவின் மோல்மீனில் கடை வைத்திருந்த காலத்துப் பேரேடுகளும், அங்கிருந்து அப்பத்தாளுக்கு எழுதிய கடிதங்களும் ஒரு மரப்பெட்டி நிறைய எங்கள் வீட்டில் கிடக்கின்றன. தாள் பொடிந்துகொண்டு வருவதால், எழுத்து தெரிகிறபோதே எல்லாவற்றையும் தட்டச்சு செய்து வைத்துவிட வேண்டும் என்று போன தை மாதத்தில் தொடங்கினேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன், தான் 2017இல் வாங்கிப் பயன்படுத்திய மடிக்கணினியை இதற்காகவே விட்டுவிட்டுப் போனான். நாள்தோறும் நான்கு மணி நேரம், சில நாள் ஐந்து மணி நேரம் உட்காருகிறேன்.

உட்காரும் இடம் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், கிழக்குப் பத்தி (தாழ்வாரம்). ஐயா பயன்படுத்திய, சாய்வு மூடி போட்ட தேக்குக் கணக்குப்பெட்டியின் மேல் கணினியைத் திறந்து வைத்து, அது வழுக்கி வராமல் கீழ்விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதுகிறேன். ஒரு மணி நேரத்தில் பிடரியில் தொடங்கும் வலி வலத்தோள் வரை இறங்குகிறது. இரவில் வலக்கையில் கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. ஐயா இதே பெட்டியில் காலை முதல் விளக்கு வைக்கும் வரை எழுதியவர் என்று அப்பச்சி (என் அப்பா) சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று விளங்கவில்லை.

கணினியிலும் கோளாறு உண்டு. மின்னேற்றியைச் செருகியிருக்கும்போது அதன் உலோக உடலில் மணிக்கட்டு பட்டால் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கிறது. விரலால் சுட்டியை நகர்த்தும் அந்தச் சதுரப் பட்டையின் இடமூலை, ஒரு மாதமாக அழுத்தினால் இறங்குவதில்லை. மூடியும் ஒரு பக்கம் சற்றுத் தூக்கி நிற்கிறது. இதைக் கடையில் காட்டத் தயங்குகிறேன். மாசியில் மெதுவாக ஓடுகிறது என்று நகரத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கோப்புகள் இருந்த வட்டை (ஹார்ட் டிஸ்க்) மாற்றிவிட்டு, பழைய வட்டையும் தராமல் அனுப்பிவிட்டார்கள். ஒரு மாத எழுத்து அதோடு போயிற்று.

போன வாரம் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவந்து, கணினி பூட்டப்பட்டுவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்து, சங்கு ஊதுவதுபோல் ஒலி எழுந்தது. அழைத்தேன். இனிமையாகப் பேசிய ஒருவர் ஏதோ ஒரு செயலியை நிறுவச் சொன்னார், நிறுவினேன். பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொன்னபோதுதான் முப்பத்திரண்டு ஆண்டு வங்கி வேலை கைகொடுத்தது, தொலைபேசியை வைத்துவிட்டேன். இப்போது எதைத் தொடவும் அச்சமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

புதுவயல் மின்வினைஞர் எழுதியது:

ஐயா, மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். இதைப் படித்தவுடன் கணினியை அணைத்து, மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பட்டையின் மூலை இறங்காமல் நிற்பதும் மூடி ஒரு பக்கம் தூக்குவதும், அவற்றின் கீழே இருக்கும் பேட்டரி உப்பிவிட்டது என்பதற்கான அடையாளங்கள். லித்தியம் அயனிப் பேட்டரி பழசாகும்போதும் சூட்டில் வேகும்போதும் உள்ளே உள்ள திரவம் சிதைந்து வாயு உண்டாகும். அந்த வாயுவுக்கு வெளியேற வழியில்லாததால் உறை தலையணைபோல் புடைக்கும். மூடியை அழுத்தி மூடிப் பார்க்காதீர்கள். மேலே எந்தப் பாரமும் வைக்காதீர்கள். புடைத்த உறை கிழிந்தால் தீப்பிடிக்கக் கூடும். எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில், வெறுந்தரையில் வைத்து, நாளையே பேட்டரியை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயில் இதற்கு ஒரு காரணம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். இங்கே பிற்பகலில் அந்த அளவு சாதாரணமாகத் தாண்டிவிடும். அதோடு நீங்கள் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தது, அடிப்பக்கக் காற்றுத் துளைகளை அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம், நாள் முழுவதும் மின்னேற்றியிலேயே விட்டு 100 விழுக்காட்டில் நிறுத்தி வைப்பது. புதுப் பேட்டரி போட்ட பிறகு, 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பு உங்கள் கணினியில் இருந்தால் அதை இயக்கி வையுங்கள். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில்தான் இருக்கிறது. அந்த ஊருக்குப் பக்கத்திலேயே நாம் பேட்டரியைத் துண்டில் சுற்றி வேகவைக்கிறோம் என்று நான் என் வாடிக்கையாளர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அடுத்தது குறுகுறுப்பு. மின்னேற்றிக்குள், மின் இரைச்சலை அடக்குவதற்காக, உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போகும் கம்பிக்கும் இடையில் ஒரு சிறு மின்தேக்கி வைத்திருப்பார்கள். அதன் வழியே மில்லியாம்பியருக்கும் குறைவான மின்சாரம் எப்போதும் கசியும். மூன்று முனைச் செருகியும் நல்ல எர்த்தும் இருந்தால் அந்தக் கசிவு பேசாமல் நிலத்துக்குப் போய்விடும். பழைய வீடுகளில் பல இடங்களில் இரண்டு துளை மட்டுமே உள்ள பிளக் பாயிண்ட் இருக்கும், அல்லது மூன்றாவது துளை இருந்தும் அதன் பின்னால் கம்பியே இருக்காது. போன மாதம்கூட ஒரு வீட்டில், பார்க்கப் பளபளவென்றிருந்த ஒரு பாயிண்டைக் கழற்றினேன்; எர்த் திருகில் சிலந்தி கூடு கட்டியிருந்தது, கம்பியின் சுவடே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கசிவு உங்கள் மணிக்கட்டு வழியாக இறங்கும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறுங்காலோடு இருக்கும்போது கூடுதலாகவும், மணைமேல் உட்கார்ந்தால் குறைவாகவும் தெரியும். நீங்களே இதைக் கவனித்திருக்கலாம். ஆனால் மணை போட்டு உட்காருவது மருந்தாகாது. மின்வினைஞர் ஒருவரை அழைத்து, மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் ஏறக்குறைய 230 வோல்ட் காட்டுகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தாலும் இதே தொல்லை வரும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை வீட்டில் யாரும் நினைப்பதில்லை. அப்படியே, மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். குறுகுறுப்பு என்பது வேறு, சுளீரென்று அடிப்பது வேறு. அடித்தால் அந்த மின்னேற்றியை மறுபடி செருகவே கூடாது.

ரஸ்தாக்காரன் (தேவகோட்டை) எழுதியது:

ஐயா, வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறவன் நான். உங்களுக்கு வந்த வலி எனக்கு முப்பத்தைந்து வயதிலேயே வந்தது. உங்கள் ஐயாவைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கிட்டங்கியில், அதாவது கடைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து தொழில் பார்த்த கூடத்தில், ஆளுக்கொரு பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எழுதுவதற்கு மட்டும் குனிந்தார்கள். வாடிக்கையாளர் வந்தால் நிமிர்ந்தார்கள், பணம் எண்ணத் திரும்பினார்கள், அடுத்தாளைக் கூப்பிடத் தலையைத் தூக்கினார்கள். ஒரு கை எழுதும்போது மறுகை சும்மா இருந்தது. தாளை எப்படி வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ள முடிந்தது. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், திரை கண்ணுக்கு வசதியாக இருந்தால் கை தூக்கி நிற்கும். விசைகள் கைக்கு வசதியாக இருந்தால் கழுத்து தொங்கும். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் இந்த இரண்டில் ஒன்று உறுதி. தூக்கிக்கொண்டு போவதற்காகச் செய்த பொருளை நாம் நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதும் மேசையாக ஆக்கிவிட்டோம்.

ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். தனி விசைப்பலகையும் தனிச் சுட்டியும் வாங்குவதற்குப் பெரிய செலவில்லை. கணினியைக் கணக்குப்பெட்டியின் மேலேயே, சாய்வைச் சமன் செய்ய ஒரு ஆப்புக்கட்டையும் அதற்கு மேல் ஒரு பலகையும் வைத்து, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். திரை ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். விசைப்பலகையைத் தொடைமேல் ஒரு பலகையில் வையுங்கள். தோளைத் தூக்காமல், முழங்கை விலாவை ஒட்டி ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்க வேண்டும். மணிக்கட்டு மேலேயோ கீழேயோ ஒடியக் கூடாது. தரையில் உட்காருவதை விட மனமில்லை என்றால், நாலாக மடித்த ஜமுக்காளத்தை இடுப்புக்குக் கீழே போட்டு, முழங்காலைவிட இடுப்பு உயரமாக இருக்கும்படி பாருங்கள். முதுகை அங்கே இருக்கும் தூணில் சாய்த்துக்கொள்ளலாம். எனக்குக் கேட்டால் மேசையும் நாற்காலியும்தான் நல்லது என்பேன். ஆனால் வளவில் உட்கார்ந்து பழகியவரை முகப்பு அறைக்கு மாற்றுவது எளிதல்ல என்பதை என் அப்பச்சியிடம் கண்டிருக்கிறேன்.

நீங்கள் தட்டச்சுப் பொறியில் பழகியவராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பொறியில் விசையை ஆழமாகக் குத்தினால்தான் எழுத்து விழும். கணினி விசையோ ஓரிரு மில்லிமீட்டர் இறங்கினால் போதும். பழைய வழக்கப்படி குத்தினால் அந்த அடி முழுவதும் விரலுக்கும் மணிக்கட்டுக்கும்தான் திரும்பி வருகிறது. விரல்கள் மரத்துப்போய் இரவில் விழிப்பு வருவது மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டாமல் பலகையை மாற்றிப் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்த வேண்டாம்.

வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. கிழக்குப் பத்தி என்றால், மதியத்துக்கு மேல் திறந்த வாசலிலிருந்து (நடு முற்றத்திலிருந்து) வெயில் நேரே அங்கேதான் விழும். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வெளிச்சம் முழுவதும் திரையில் தெரியும். வாசல் பக்கவாட்டில் இருக்கும்படி திரும்பி உட்காருங்கள். முட்டை வெள்ளைக்கருப் பூச்சுச் சுவர் கண்ணாடிபோல் மின்னுவதால், பின்னால் இருக்கும் சுவரின் பளபளப்பும் திரையில் விழும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

தம்பி ரஸ்தாக்காரர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்துவது இளைஞர்களுக்குச் சரி. 68 வயதில் அண்ணன் பைஃபோகல் போட்டிருப்பார் என்று எண்ணுகிறேன். அந்தக் கண்ணாடியில் கிட்டத்தில் படிக்கும் பகுதி கீழே இருப்பதால், உயர்ந்த திரையைப் படிக்க முகவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்க்க நேரும். நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் வினாத்தாள் தயாரிக்கும் வேலையில் இப்படியே மூன்று மாதம் திரையை உயர்த்தி வைத்து, முன்பு இருந்த வலியோடு புதிதாக ஒரு வலியையும் சேர்த்துக்கொண்டேன். பிறகு ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, என் கண்ணிலிருந்து திரை வரை நாடாவால் அளந்து, 60 சென்டிமீட்டர் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய் கண் மருத்துவரிடம் காட்டினேன். அந்த ஒரே தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இப்போது எழுதும்போது அது, எழுந்தால் பழைய கண்ணாடி. கண்ணாடி வரும் வரை திரையைத் தாழ்த்தி, சற்று மல்லாத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

பேரேட்டைத் தரையில் வைத்துப் படித்துக்கொண்டே தட்டச்சு செய்கிறீர்கள் என்றால், பாதி வலி அதனாலேயே வரும். ஏட்டையும் திரைக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், ஒரு சாய்வுப் பலகையில் நிறுத்துங்கள். இராமாயணம் படிக்கும் மடக்குப் பலகை உங்கள் வீட்டிலும் இருக்குமே, அதுவே போதும்.

எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். ஆங்கிலம் 12 புள்ளியில் தெரிந்தால் தமிழுக்கு 14, 16 வேண்டியிருக்கும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் ஓடுவதால் சிறிய அளவில் ணு எது, ணூ எது என்று கண் தடுமாறும். விண்டோஸ் அமைப்புகளில் திரையின் அளவை 125 அல்லது 150 விழுக்காடாக மாற்றினால் எல்லாமே பெரிதாகத் தெரியும். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி வரும். பழைய கடிதங்களைப் படம் எடுத்து அதில் பார்த்தால் மங்கிய எழுத்தும் பிடிபடும். நீண்ட கடிதங்களை வாய்விட்டுப் படித்தால் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு தமிழிலேயே எழுதிக்கொள்கிறது. பிழை வரும், திருத்த வேண்டும். ஆனாலும் கைக்கு ஓய்வு.

பேரேடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. கணினியை அணைத்து வளவு வாசல் ஓரத்தில், வெயில் படாத வெறுந்தரையில் வைத்துவிட்டேன். இதைக் கைபேசியில் எழுதுகிறேன். ஆச்சி சொன்னது சரி, பைஃபோகல்தான். பேரேட்டை இடத்தொடையில் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் எழுதினேன்! அந்தச் செயலி விஷயம் மட்டும் நிற்கிறது.

சிராங்கூன்வாசி எழுதியது:

ஐயா, கண்டனூரில் பிறந்து சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊரில் இருக்கும் அப்பச்சிக்கு வாரந்தோறும் இங்கிருந்தே கணினி பார்த்துக் கொடுப்பவன்.

நிறுவிய செயலி, உங்கள் திரையை அவர் அங்கிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் வகையைச் சேர்ந்தது. பேட்டரி மாற்றியபின் இணையத்தோடு இணைக்காமல் கணினியைத் திறந்து, முதல் வேலையாக அதை நீக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் அல்லாமல் கைபேசியில் இன்றே மாற்றுங்கள். வங்கிக்கும் ஒரு தகவல் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதிவு செய்யலாம். இனி அப்படித் திரை வந்தால், மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழை அறிவிப்புகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அது உலாவிக்குள் தெரியும் ஒரு பக்கம்தான். எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். ஆல்ட்டும் எஃப் 4ம் அழுத்தினால் மூடிக்கொள்ளும். எதுவும் நடக்காவிட்டால், மின்பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைத்துவிடலாம்.

உதவி வேண்டும்போது மகனையே கேளுங்கள். அதற்குத் தனிச் செயலி தேவையில்லை. மகன் அங்கிருந்தே உங்கள் திரையைப் பார்க்க உதவும் குயிக் அசிஸ்ட் விண்டோஸிலேயே இருக்கிறது. கண்ட்ரோல், விண்டோஸ், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். மகன் தன் பக்கம் ஒரு குறியீட்டை உருவாக்கிச் சொல்வார், நீங்கள் அதை இட்டு அனுமதிக்க வேண்டும்; அது பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். அழைப்பு நீங்கள் விடுத்ததாக இருக்க வேண்டும், அவர்களாக அழைத்தால் வேண்டாம். குறியீட்டுக்கும் அந்த மனிதரின் செயலிக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் முந்திப் பொழுது போகும். ஊரில் மாலை ஐந்தரை என்றால் இங்கே எட்டு. மகன் வேலை முடிந்து சாப்பிட்டிருப்பார், அந்த நேரம் பார்த்துக் கேளுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். 'கம்ப்யூட்டர் ஓடவில்லை' என்று என் அப்பச்சி சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. அரை மணி நேரம் ஒருவர்மேல் ஒருவர் கோபப்படுவோம். பிறகு அவர் கணக்குக் குறிப்பு எழுதுவதுபோல் ஒரு நோட்டு வைத்துக்கொண்டார். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, திரையில் எழுத்துக்கு எழுத்து என்ன வந்தது, அதற்குப் பின் எதைத் தொட்டார் என்று அதில் எழுதிவிடுவார். முடிந்தால் கைபேசியில் திரையைப் படமும் எடுத்து அனுப்புவார். போன மாதம் ஒரு நாள், 'காலை 10.20, படங்களைத் திறந்தேன், காற்றாடி இரைந்தது, திரை கறுத்தது, அடிப்பக்கம் சுட்டது' என்று நான்கே வரி எழுதியிருந்தார். காற்றுத் துளையைத் தூசி அடைத்திருக்கிறது என்று அதை வைத்தே இங்கிருந்து சொல்ல முடிந்தது. நீங்கள் பேரேடு எழுதிய கை. இது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் கொடுக்கும்போதும் அதே நோட்டிலிருந்து ஒரு தாள் எழுதிக் கொடுத்து, 'என்னைக் கேட்காமல் எதையும் மாற்றவோ அழிக்கவோ கூடாது. கழற்றும் பழைய பாகம் எனக்கு வேண்டும்' என்று அதிலேயே குறித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முடிவில் ரசீதும் வாங்குங்கள். முன்பு நடந்ததற்கு ரசீது இருக்குமானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். ஆனால் போன எழுத்துகளை அது திருப்பித் தராது. ஆகவே, கடைக்குப் போகும் முன் கோப்புகளை ஒரு பென்டிரைவில் படியெடுத்து வீட்டிலும், மற்றொரு படியை இணையச் சேமிப்பிலும் வையுங்கள். பேட்டரி உப்பிய இப்போதைய நிலையில் அதற்காகக் கணினியை இயக்க வேண்டாம். மாற்றுகிறவர் முன்னிலையில் உட்கார்ந்து, மாற்றியவுடன் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. 2017இல் வாங்கிய கணினி பெரும்பாலும் விண்டோஸ் 11ஐ ஏற்காது. பேரேடு தட்டச்சு செய்ய அதை இணையமின்றி வைத்துக்கொண்டு, வங்கி வேலையை வேறு கருவியில் செய்வது நல்லது என்பது என் கருத்து.

பேரேடு எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கடையில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, பேட்டரியைக் கழற்றிக் காட்டினார்கள். தட்டையாக இருக்க வேண்டியது பணியாரம்போல் உப்பியிருந்தது. அந்தச் செயலியை நீக்கியாயிற்று. எர்த் பார்க்க வந்தவர், வளவுப் பாயிண்டில் மூன்றாவது கம்பி இல்லை என்றார். புதுவயல்காரர் சொன்ன சிலந்திகூட இல்லை, வெறும் துளை. புதிதாகக் குழி வெட்டிக் கம்பி இழுத்தபின் குறுகுறுப்பு நின்றது. கை மரப்புக்கு மருத்துவர் இரவில் கட்டிக்கொள்ள மணிக்கட்டுப் பட்டை கொடுத்திருக்கிறார். ஆறு வாரம் பார்க்க வேண்டுமாம். கண்ணாடி செவ்வாய்க்கிழமை வருகிறது. இன்று காலை இராமாயணப் பலகையில் பேரேட்டை நிறுத்தி, போன எழுத்தின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன்.